"ஏய்யா… இது யாரு?" – போஸ்டர் டிசைன் பழகும் பிள்ளைகளுக்கு ஓர் இரவில் கிடைத்த பாடம்

கோவில்பட்டியில் எங்கள் தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் இப்போதெல்லாம் முதலில் தேடி வருவது என் மகனைத்தான். பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சடங்கு வீட்டு பேனர், கபடிப் போட்டி நோட்டீஸ், பிறந்தநாள் வாழ்த்து என எதைக் கேட்டாலும் செய்து கொடுத்துவிடுவான். பிளஸ் டூ லீவில் செல்போனில் 'பிக்ஸல்லேப்' செயலியை வைத்து விளையாட்டாக ஆரம்பித்தது. பிறகு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிளக்ஸ் கடையில் மாலை நேரத்தில் போய் உட்கார்ந்து வேலை பழக ஆரம்பித்தான்.

"எப்பப் பாத்தாலும் அந்தப் பெட்டி முன்னாடியே உக்காந்திருந்தா பரீட்சைக்கு யாருடா படிப்பா?" என்று நான் சத்தம் போட்டது கொஞ்சநஞ்சமில்லை. இந்த வேலையில் இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது போன மாசி மாதம் ஓர் இரவில்தான்.

பக்கத்து வீட்டுத் தாத்தா சாயங்காலம் ஐந்து மணிக்குத் தவறிவிட்டார். மறுநாள் காலை பத்து மணிக்கு எடுப்பது என்று முடிவானது. அதற்குள் 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் ஒட்டியாக வேண்டும். தாத்தாவின் மூத்த மகன் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பினார். பேரன் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. மூன்றாவது வரிசையில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் தாத்தாவின் முகம் கட்டை விரல் நகம் அளவுக்குத் தெரிந்தது. அதைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது.

என் மகன் கவலைப்படவில்லை. செல்போனில் முகத்தைத் தெளிவாக்கும் ஏ.ஐ செயலி ஒன்று வைத்திருந்தான். ஒரு தட்டுத் தட்டினான். மங்கலான முகம் பளிச்சென்று வந்துவிட்டது. நீலப் பின்னணி, மேலே இரண்டு விளக்கு, கீழே தோற்றம், மறைவு தேதிகள். ஒரு மணி நேரத்தில் போஸ்டர் தயார். பெயர், தேதி எல்லாம் சரியா என்று பார்க்க ஏ4 தாளில் ஒரு பிரின்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்தான். நானும் கூடப் போனேன்.

ஆச்சி அந்தத் தாளை டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பினார். மறுபடியும் பார்த்தார்.

"ஏய்யா… இது யாரு? இது எங்க வீட்டுக்காரரே இல்லையே!"

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். ஆச்சி சொன்னது சரி. தாத்தாவின் வலது புருவத்தின் மேல் ஒரு தழும்பு உண்டு. அதைக் காணோம். இடது கண் கொஞ்சம் சிறுத்திருக்கும். படத்தில் இரண்டு கண்ணும் ஒரே அளவு. முகத்தில் சுருக்கமே இல்லை. தாத்தாவின் சாடையில் வேறு யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மிஷினுக்குத் தெரியாதது

ஏன் இப்படி ஆனது என்று கடை அண்ணாச்சி பிறகு விளக்கினார். டிஜிட்டல் படம் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளின் கூட்டம். ஒரு முகத்துக்கு நாற்பது, ஐம்பது புள்ளிதான் இருக்கிறது என்றால், தழும்பு பற்றிய தகவலே அந்தப் படத்தில் கிடையாது. இல்லாத தகவலை எந்தச் செயலியாலும் மீட்டுக் கொண்டுவர முடியாது. தான் ஏற்கெனவே பழகிய ஆயிரக்கணக்கான முகங்களை வைத்து, 'இந்த இடத்தில் இப்படித்தான் இருக்கும்' என்று அது ஊகித்து வரைகிறது. தாத்தாவைத் தெரியாத ஒருவர் பார்த்தால் படம் அழகாகத்தான் இருக்கும். தெரிந்தவர்களுக்குத்தான் உறுத்தும். அஞ்சலி போஸ்டரைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோருமே அவரைத் தெரிந்தவர்கள்.

"வேற நல்ல போட்டோ எதுவும் இருக்கா ஆச்சி?" என்று கேட்டான் என் மகன். குரலில் சுரத்தே இல்லை.

ஆச்சி டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அடியில் பென்ஷன் புத்தகம் இருந்தது. அதற்குள் ஒரு பழைய கறுப்பு வெள்ளை ஜாயின்ட் போட்டோ. பென்ஷனுக்காகக் கணவன் மனைவி சேர்ந்து எடுத்துக்கொண்டது. நடுவில் மடிந்து ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. ஆனால் தழும்பு இருந்தது, சிறுத்த கண்ணும் இருந்தது.

ஆச்சி அதைக் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டார். "இதுல நானும் இருக்கேனேய்யா. என்னைய வெட்டிருவியா?"

அவன் கொஞ்சம் யோசித்துச் சொன்னான். "வெட்ட மாட்டேன் ஆச்சி. மறைச்சு மட்டும்தான் வைப்பேன். நீங்க உள்ளயேதான் இருப்பீங்க."

ஆறுதலுக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். அது உண்மையிலேயே ஒரு தொழில்நுட்பம் என்பது கடைக்குப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அழிப்பது வேறு, மறைப்பது வேறு

போட்டோ எடிட்டிங்கில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கை வைப்பது 'இரேசர்' மீதுதான். பின்னணி வேண்டாமா, தேய்த்து அழித்துவிடுவார்கள். பிறகு காது பாதி போய்விட்டது என்று தெரியும்போது திரும்பக் கொண்டுவர வழியிருக்காது.

அண்ணாச்சி முதல் வாரத்திலேயே இரேசரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அதற்குப் பதிலாக 'மாஸ்க்'. படத்தின் மேல் ஒரு திரை போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் தூரிகையால் தடவிய இடம் மறையும். வெள்ளையால் தடவினால் திரும்பத் தெரியும். அடியில் இருக்கும் படத்துக்கு ஒரு கீறலும் விழாது. ஆச்சியை அப்படித்தான் மறைத்தான்.

இதோடு சேர்ந்ததுதான் 'லேயர்'. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒன்றில் முகம், ஒன்றில் பெயர், ஒன்றில் பின்னணி என்று வைப்பது போல. எதை மாற்ற வேண்டுமோ அந்தத் தாளை மட்டும் மாற்றலாம். இன்றைக்கு நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் இந்த வசதி போட்டோஷாப்பிலேயே ஆரம்பத்தில் கிடையாது. 1990-ல் வெளிவந்த போட்டோஷாப்பில் லேயர்கள் வந்தது 1994-ல்தான்.

அந்தப் போட்டோஷாப்பின் தொடக்கமும் ஒரு மாணவரிடம்தான். தாமஸ் நால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது 1987-ல் எழுத ஆரம்பித்ததை, சினிமா ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் துறையில் இருந்த சகோதரர் ஜான் நாலுடன் சேர்ந்து வளர்த்தார். இலவசமாகக் கிடைக்கும் 'ஜிம்ப்' மென்பொருளை உருவாக்கியவர்களும் பெர்க்லியில் படித்த இரண்டு மாணவர்கள்தான். 1996-ல் அது வெளியானது.

ஆனால் படத்தைத் திருத்தும் கலைக்கு வயது அதைவிட அதிகம். 1857-லேயே ஆஸ்கர் ரெய்லாண்டர் என்ற போட்டோகிராபர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கிக் காட்டினார். நம் ஊர் ஸ்டுடியோக்களில் நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் 'டச்சப்' செய்ததும் இதே கலைதான். போட்டோஷாப்பில் உள்ள 'டாட்ஜ்', 'பர்ன்' என்ற இரண்டு கருவிகளின் பெயரும் இருட்டறையிலிருந்து வந்தவை. பிரின்ட் போடும்போது ஓர் இடத்துக்கு ஒளியை மறைத்தால் அது வெளுக்கும், அதிகம் காட்டினால் கறுக்கும்.

ஓர் அங்குல முகமும் ஆறு அங்குல முகமும்

ஜாயின்ட் போட்டோவை செல்போனில் படம் பிடிக்காமல் ஸ்கேன் செய்தார்கள். அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில். தாத்தாவின் முகம் அதில் ஓர் அங்குலம். ஆகவே 600 புள்ளிகள் கிடைத்தன. அதைப் போஸ்டரில் ஆறு அங்குலமாகப் பெரிதாக்கினால், அங்குலத்துக்கு 100 புள்ளி. கையில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் மெத்தென்று தெரியும். சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு அது போதும்.

மாணவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது. கையில் பிடித்துப் பார்க்கும் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஏ3 தாள் முழுக்கப் படம் என்றால் 3508-க்கு 4961 புள்ளிகள். தூரத்திலிருந்து பார்க்கும் பிளக்ஸுக்கு இதில் நான்கில் ஒரு பங்கு இருந்தாலே சமாளித்துவிடலாம். அப்புறம், வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக அனுப்பினால் படத்தின் அளவைச் சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று வண்ணம். செல்போன் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் ஆனது. அச்சகத்தில் இருப்பதோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மை. திரையில் மின்னுகிற பச்சையும் ஊதாவும் தாளில் இறங்கும்போது வாடிப்போகும். சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்துக்கு அண்ணாச்சி இவனை அழைத்துப் போய், நான்கு மைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதைக் காட்டினார். சின்ன எழுத்துகளை நான்கு மையும் கலந்த கறுப்பில் வைத்தால், தாள் இம்மி நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழுந்துவிடும். கறுப்பு மை மட்டும் போதும் என்பது அங்கே புரிந்ததாம். ஓரத்தில் வெட்டுவதற்கு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாகப் பின்னணியை நீட்டி வைக்க வேண்டும் என்பதும்தான்.

போஸ்டர் யாருக்கு?

படம் சரியானதும் அண்ணாச்சி போஸ்டரைப் பார்த்துவிட்டு, "தம்பி, கண்ணை இடுக்கிக்கிட்டுப் பாரு. என்ன தெரியுது?" என்றார்.

இவன் கண்ணை இடுக்கிப் பார்த்தான். விளக்குகளும் பூ வேலைப்பாடும்தான் தெரிந்தன. எத்தனை மணிக்கு, எங்கே எடுக்கிறார்கள் என்பது அடியில் சின்ன எழுத்தில் ஒளிந்திருந்தது.

போஸ்டர் பார்க்கிறவர் நின்று படிப்பதில்லை. டூ வீலரில் போகிறார், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மூன்று நொடிதான் கிடைக்கும். அதற்குள் அவருக்கு முதலில் என்ன தெரிய வேண்டும், இரண்டாவது என்ன, மூன்றாவது என்ன? இந்த வரிசையை மௌஸைத் தொடும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அஞ்சலிக்கு முகம், பெயர், நேரமும் இடமும். கபடிப் போட்டிக்கு என்ன போட்டி, எந்தத் தேதி, எந்த மைதானம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

அன்று இரவு விளக்குகள் போயின. பூ வேலைப்பாடு போயிற்று. நேரமும் தெருப் பெயரும் பெரிதாகி மேலே வந்தன.

தமிழ் எழுத்துக்கு இடம் விடுங்கள்

டிசைன் கற்றுக்கொடுக்கும் வீடியோக்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்தே சொல்லித் தருகின்றன. அதை அப்படியே தமிழுக்குப் போட்டால் சரிவராது.

ஆங்கிலத்தில் தலைப்பை எடுப்பாகக் காட்ட எல்லாமே கேபிடல் எழுத்தில் போட்டுவிடலாம். தமிழில் அது இல்லை. அளவும் தடிமனும் சுற்றி விடும் வெற்றிடமும்தான் நமக்கு ஆயுதம். தமிழில் மேலே புள்ளியும் விசிறியும் ஏறும், கீழே 'து', 'ணு', 'ழூ' என்று வால் இறங்கும். அதனால் வரிக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். எழுத்துக்கு எழுத்து இடைவெளியை இழுத்து விட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். நம் சொற்களும் நீளம். ஒரு வரியில் அடக்க எழுத்தை நசுக்குவதைவிட, சொல்லைக் குறைப்பது நல்லது.

போட்டோஷாப்பில் தமிழ் தட்டினால் 'கொ' உடைந்து வருகிறது என்பது எல்லா மாணவர்களும் சொல்லும் புகார். மென்பொருளின் பழைய பதிப்பு என்றால் 'பிரிஃபரன்சஸ்' பகுதியில் 'டைப்' என்பதைத் திறந்து, தெற்காசிய மொழிகளுக்கும் பொருந்தும் எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுத்து, மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பழைய கடைகளில் இன்னும் 'பாமினி' போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்கள் ஓடுகின்றன. செல்போனில் தட்டிய யூனிகோடு தமிழை அதில் ஒட்டினால் ஒன்றும் புரியாது. மாற்றி கொண்டு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும். மாற்றியதும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பிழை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, கவிவனார், மீரா இனிமை என்று இலவச எழுத்துருக்கள் கிடைக்கின்றன. ஒரு போஸ்டருக்கு இரண்டு எழுத்துரு போதும். ஐந்து வைத்தால் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசுவது போல இருக்கும்.

ஒட்டியது தெரியாமல் ஒட்ட

முகம் ஓர் இடத்திலிருந்தும் பின்னணி வேறு இடத்திலிருந்தும் வரும்போது 'ஒட்டு வேலை' பளிச்சென்று தெரிவதற்கு மூன்று காரணங்கள்தான். ஒன்று வெளிச்சம். முகத்தில் இடப்பக்கம் வெயில், பின்னணியில் சூரியன் வலப்பக்கம். இரண்டு வண்ணம். முகம் டியூப்லைட் நீலத்தில், பின்னணி மாலை மஞ்சளில். மூன்று கூர்மை. முகம் மங்கலாகவும் பின்னணி ஊசி முனை போலவும் இருப்பது. இந்த மூன்றையும் சரிபார்த்தால் பாதி வேலை முடிந்தது. காலடியில் ஒரு மெல்லிய நிழல் வைத்தால் ஆள் தரையில் நிற்பார், இல்லாவிட்டால் மிதப்பார். முடியின் ஓரத்தை ஒரே கோடாக வெட்டாமல் மெல்லிய தூரிகையால் மாஸ்க் செய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் விலையுயர்ந்த கணினி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் உடனே கடன் வாங்க வேண்டாம். 'போட்டோபியா' இணைய உலாவியிலேயே ஓடும். லேயர், மாஸ்க் எல்லாம் உண்டு. ஜிம்ப், கோடுகளால் வரைவதற்கு 'இங்க்ஸ்கேப்', ஓவியத்துக்கு 'கிரிட்டா' மூன்றும் இலவசம். 'கேன்வா'வில் தயார் வடிவங்கள் கிடைக்கும். அவசரத்துக்கு நல்லது, ஆனால் அதிலேயே பழகினால் சொந்தமாக யோசிக்கும் பழக்கம் வராது. 'கிராக்' செய்த மென்பொருளை மட்டும் ஏற்ற விடாதீர்கள். கூடவே வைரஸும் வரும்.

பழகுவதற்கு ஒரு எளிய வழி உண்டு. உங்கள் தெருச் சுவரில் இருக்கும் ஒரு போஸ்டரை எடுத்துக்கொண்டு, அதே தகவலை வைத்து மறுபடி வடிவமைத்துப் பாருங்கள். வாரத்துக்கு ஒன்று. முதல் வடிவம், திருத்தியது, ஏன் திருத்தினேன் என்று மூன்றையும் சேர்த்து வையுங்கள். நாளைக்கு வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழோடு இந்தக் கோப்பும் பேசும்.

ஆர்வம் நிலைத்தால் முறையாகப் படிக்கவும் வழியுண்டு. 1850-ல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியிலும், கும்பகோணத்தில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரியிலும் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் படிப்பு இருக்கிறது. ஐ.ஐ.டி.களில் பி.டெஸ் படிக்க மும்பை ஐ.ஐ.டி நடத்தும் 'யூசீட்' தேர்வை, பிளஸ் டூவில் வணிகவியலோ கலைப் பிரிவோ எடுத்தவர்களும் எழுதலாம்.

அடுத்தவர் முகம்

பெற்றோர் பிள்ளைகளிடம் கட்டாயம் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எடிட்டிங் தெரிந்த பிள்ளையிடம் நண்பர்கள் "இந்தப் பொண்ணு போட்டோவை இவனோட சேர்த்துக் குடுடா, சும்மா விளையாட்டுக்கு" என்று வருவார்கள். என் மகனிடமும் வந்தார்கள். முடியாது என்று சொல்ல அவனுக்கு இரண்டு நாள் ஆனதாம். சொன்ன பிறகு ஒரு நண்பன் பேசுவதையே நிறுத்திவிட்டான்.

சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாமல் முகத்தை மாற்றி ஒட்டுவது விளையாட்டே இல்லை. ஆபாசமாக மாற்றிப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி சிறைத் தண்டனை உண்டு. அப்படி ஒரு படத்தால் உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை பாதிக்கப்பட்டால், அவளைத் திட்டாமல் அந்தப் படத்தையும் வந்த எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும், அரசின் சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் செய்யலாம். அதேபோல, கூகுளில் தேடினால் வரும் படமெல்லாம் இலவசம் என்று நினைக்கக் கூடாது. அன்ஸ்பிளாஷ், பெக்சல்ஸ், விக்கிமீடியா காமன்ஸ் போன்ற தளங்களில் உரிம விவரத்தைப் படித்துவிட்டு எடுக்கலாம்.

பதினாறாம் நாள்

அன்று இரவு வேலை முடியும்போது மணி ஒன்று. இரண்டாவது பிரின்ட்டை ஆச்சியிடம் காட்டினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. புருவத் தழும்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார். "ஒட்டுங்கய்யா" என்று தாத்தாவின் மகன்தான் சொன்னார். விடிவதற்குள் என் மகனும் நண்பர்களும் மைதா பசை காய்ச்சி ஐம்பது இடங்களில் ஒட்டிவிட்டு வந்தார்கள். பணம் வாங்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போகும்போது அவன் கையில் ஒரு சட்டம் போட்ட படம் இருந்தது. அதே ஃபைலைத் திறந்து, மாஸ்க்கை எடுத்துவிட்டு, ஜாயின்ட் போட்டோவை முழுதாகப் பிரின்ட் போட்டிருந்தான். கறுப்பு வெள்ளையை மாற்றவில்லை.

"நீங்க உள்ளயேதான் இருந்தீங்க ஆச்சி," என்றான்.

ஆச்சி படத்தை மடியில் வைத்துப் பார்த்தார். "நடுவுல ஒரு கோடு இருந்துச்சேய்யா?"

"அது மடிஞ்ச கோடு ஆச்சி. அதை மட்டும் எடுத்துட்டேன்."

"அது போகட்டும்," என்றார் ஆச்சி.

இப்போதெல்லாம் அவன் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தால் நான் சத்தம் போடுவதில்லை. பரீட்சை நேரம் தவிர.